இருட்டில் சரியாகத் தெரியாத கேமரா

டிசம்பர் 18, வியாழன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டு ஞானசுந்தரி டீச்சரின் செம்பருத்தியைத் தினமும் விடியுமுன் பறித்துக்கொண்டு போகிறவன் நான்தான்.

எழுதிப் பார்த்தால் அவ்வளவு அசிங்கமாகத் தெரியவில்லை. சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. அது அசிங்கமாகத்தான் இருந்தது.

எனக்கு வயது ஐம்பத்திமூன்று. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு லென்ஸைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இது போதாதென்று எங்கள் பதினாறு வீட்டுக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் நானே. அந்தப் பதவிக்கு யாரும் போட்டியிடவில்லை, நானும் போட்டியிடவில்லை. ஒரு கூட்டத்துக்குப் பிந்திப் போனேன். போவதற்குள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

திருட்டு போன மார்கழியில் ஆரம்பித்தது. என் மனைவி வடிவு மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் பூஜை செய்வாள். பூ வாங்கி வரச் சொன்னாள். ஐந்து மணிக்கு எந்தப் பூக்கடை திறந்திருக்கிறது? வெறுங்கையோடு திரும்பி வரும்போது டீச்சர் வீட்டுக் குட்டைச் சுவருக்கு மேலே அடுக்குச் செம்பருத்தி எட்டிப் பார்த்தது. ரத்தச் சிவப்பு, உள்ளங்கை அகலம். நானும் எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

“காலேஜ் தோட்டத்துப் பூ. தோட்டக்காரர் எனக்குன்னு எடுத்து வைக்கார்” என்று வடிவிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் புடவை, குக்கர், காது ஜிமிக்கி என்று எத்தனையோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எதற்கும் அந்த முகம் வந்ததில்லை. பஜனைக் கூட்டத்தில் போய், “இவுகளுக்கு காலேஜ்ல அப்படி ஒரு மரியாதை” என்று வேறு சொல்லியிருக்கிறாள். இதற்கு மேல் நான் எப்படி உண்மை பேசுவது?

இன்று டீச்சர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மொட்டைச் செடியின் படம் போட்டிருந்தார். கீழே ஒரு வரி. “இன்றும் ஒரு பூ கூட இல்லை. எடுப்பவர் யாராக இருந்தாலும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.”

செயலாளர் என்ற முறையில் நான் உடனே பதில் போட்டேன். “இந்த இழிசெயலை வன்மையாகக் கண்டிக்கிறேன்.” கும்பிடும் கை இரண்டு.

டிசம்பர் 20, சனி

இன்று ஒன்பது பூ. கண்டனம் தெரிவித்த அதே கையால்.

டிசம்பர் 21, ஞாயிறு

வண்டி நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். கூட்டச் சொன்னவர் இரண்டாம் மாடி ஆவுடையப்பன். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். லத்தியைத் தொட்டே பார்த்திராதவர் என்று கேள்வி. ஆனால் பேச்சு முழுக்க எஃப்.ஐ.ஆர் வாசம் அடிக்கும்.

“திருட்டுன்னா திருட்டுதான். இன்னைக்குப் பூவு, நாளைக்குப் பைக்கு. கேமரா வைக்கணும்” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

“எந்தக் கேமராவை வைக்கதுன்னு யாரு பாக்கது?” என்று ஒருவர் கேட்டார்.

“நம்ம சைலம் இருக்காருல்லா. இயற்பியல். வெளிச்சம், லென்ஸு எல்லாம் அவருக்குத்தான் அத்துபடி” என்று ஆவுடையப்பன் என் தோளில் தட்டினார். “வே சைலம், ரெண்டு கேமராவைக் கொண்டுவந்து வச்சுப் பாரும். பகல்ல எல்லாக் கேமராவும் நல்லாத்தான் எடுக்கும். இருட்டுல எது நல்லா எடுக்குன்னு பாக்கணும். திருடன் இருட்டுலதான வாரான்?”

ஆமாம், இருட்டில்தான் வருகிறான். ஐந்து பத்துக்கு.

இதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது என்பது படியேறும்போதுதான் உறைத்தது. இரண்டில் எது இருட்டில் மோசமாகப் படம் எடுக்கிறதோ, அதை நல்லது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உலகத்தில் வேறு எந்தத் திருடனுக்காவது இந்தப் பாக்கியம் கிடைத்திருக்குமா?

டிசம்பர் 23, செவ்வாய்

மேலப்பாளையத்திலிருந்து பீர் முகம்மது பாய் இரண்டு கேமராக்களோடு வந்தார். ஊரில் பாதிக் கடைகளுக்குக் கேமரா மாட்டியவர் அவர்தான். நகைக்கடைக்காரர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று இவருக்குத் தெரியும், சொல்ல மாட்டார். எனக்குப் பொறாமை.

இரண்டையும் டீச்சர் தோட்டத்துக்கு எதிர்த் தூணில் அருகருகே மாட்டினார்.

“இது வந்து அண்ணாச்சி, இருட்டானதும் கருப்பு வெள்ளைக்கு மாறிரும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு விடும். எறும்பு போனாலும் தெரியும். அது வந்து, இருட்டுலயும் கலர்லயே எடுக்கும். குட்டி பல்பு ஒண்ணு எரியும்.”

இரண்டுக்கும் பெயர் மாதிரி இல்லாத நீள எண்கள். எனக்கு நினைவில் நிற்காது. ஆகவே எல்லாவற்றையும் பார்க்கிற கருப்பு வெள்ளைக்கு ‘மாமியார்’ என்றும், மற்றதற்கு ‘மாமனார்’ என்றும் இந்த டைரிக்குள் பெயர் வைத்திருக்கிறேன்.

பதிவாகும் கார்டுகளை எடுத்துப் பார்க்கும் உரிமை எனக்கு மட்டும்தான். கூட்டத்தின் தீர்மானம். திருடனிடமே சாவியைக் கொடுப்பது என்பார்களே, அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறார்கள்.

டிசம்பர் 24, புதன்

விஞ்ஞானம் என்றால் முறைப்படி செய்ய வேண்டும். ஆய்வகத்திலிருந்து வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்தேன். காலை ஐந்து மணிக்குச் செம்பருத்தியடியில் ஒரு லக்ஸ் கூட இல்லை. தெருவிளக்கு தூரத்தில், அதுவும் நினைத்தால் எரிகிற ரகம். குட்டைச் சுவர் மேல் ஒரு இளநீர், ஒரு பித்தளைச் செம்பு, வடிவின் ரவிக்கைத் துணிகள் ஐந்து நிறத்தில். (பச்சைத் துணி காணாமல் போனதாக அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குத் திரும்ப வைத்துவிட வேண்டும்.) இதையெல்லாம் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பூவும் பறித்தேன். அதுவும் சோதனையின் பகுதிதானே.

கதவைச் சாத்திக்கொண்டு கார்டுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தேன்.

மாமியார் பயங்கரம். செம்பில் இருக்கிற நசுங்கல்கூடத் தெரிகிறது. இலையெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. செம்பருத்தியும் வெள்ளை. சிவப்பு, நீலம், பச்சை எல்லா ரவிக்கையும் ஒரே சாம்பல். அப்புறம் நான் வந்தேன். குரங்குக் குல்லாவுக்குள் பேயறைந்தது போல வெளுத்த முகம், பூனைக்கு இருப்பது மாதிரி மின்னுகிற இரண்டு கண். புருவத்தில் நரைத்த முடியை எண்ணலாம். நான்கு. எண்ணிவிட்டு அழித்தேன்.

மாமனார் தங்கமானவர். நிறம் இருக்கிறது. சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாக. ஆனால் எல்லாவற்றின் மேலும் கேழ்வரகு மாவைச் சலித்தது போலப் புள்ளி. வெளிச்சத்தைச் சுற்றி மஞ்சள் வட்டம். அசையாமல் நிற்கிற இளநீர் சுமாராகத் தெரிகிறது, அசைகிற எதுவும் புகை. குறுக்கே ஓடிய பூனைக்கு இரண்டு வால். நான் வந்த இடத்தில் ஒரு பழுப்புப் புகை செடியண்டை வந்தது, வளைந்தது, போனது. ஊதுவத்தி தானாக நடந்து போவதைப் போல இருந்தது.

வெகு நாளைக்குப் பிறகு என்னை ஒல்லியாகப் பார்த்தேன்.

ஒரே ஒரு ஆபத்து. மேல்கொம்புப் பூவுக்காகக் குதிகாலை உயர்த்தி இரண்டு விநாடி அசையாமல் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு விநாடியில் புகைக்கு மூக்கு வந்துவிட்டது. இனி அசைந்துகொண்டே பறிக்கப் பழக வேண்டும்.

டிசம்பர் 25, வியாழன்

டீச்சர் எல்லா வீட்டுக்கும் கேக்கும் முறுக்கும் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டுக்கு மட்டும் அவரே ஏறி வந்தார், மூட்டு வலியோடு, மூன்றாம் மாடிக்கு. அறுபத்தெட்டு வயது. கணிதம் நடத்தியவர், இன்னும் யாரைப் பார்த்தாலும் விடைத்தாளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

“நிறைய பூவு பூக்கே தம்பி, அவ்வளவும் எனக்கு எதுக்கு? நான் தலையில வைக்கவா போறேன்? ஆறு மணிக்கு ஜன்னல் பக்கத்துல உக்காந்து காப்பி குடிப்பேன். அப்ப பாக்கதுக்கு ரெண்டு இருந்தா போதும். ரெண்டே ரெண்டு.”

இத்தனை பெரிய செடியை வைத்துக்கொண்டு இரண்டு பூவுக்கு ஏங்குகிறாரே. எவ்வளவு ஈவிரக்கமில்லாத ஆளாக இருப்பான் அந்தத் திருடன் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே கோபம் வந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது.

டீச்சர் போனபின் வடிவு கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டாள். “காலேஜ் லீவுலா?”

“ஆமா.”

“தோட்டக்காரர் லீவு எடுக்க மாட்டாரா?”

“செடிக்கு ஏது லீவு?” என்றேன். நல்ல பதில். எனக்கே பிடித்திருந்தது. அவள் பெரிய துண்டை எனக்கு வைத்தாள்.

டிசம்பர் 27, சனி

இன்று நான் திருடனாக நடித்தேன்.

யோசனை ஆவுடையப்பனுடையது. இளநீரையும் செம்பையும் வைத்துப் பார்த்தால் போதாதாம். ஆள் வந்து பறித்தால் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமாம். “செயலாளர்தான் செய்யணும். பொறுப்பான ஆளு” என்று குழுவில் எழுதிவிட்டார். ஐந்து மணிக்கு மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, கையில் நோட்டோடு தூணடியில் நின்றார்.

தெரியாதவன் போல நடிப்பது எவ்வளவு சிரமம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. விறைப்பாக நடந்து வந்தேன்.

“என்னவே, தாலி கட்டப் போற மாப்பிள்ளை மாதிரி வாரீரு. பதுங்கி வாரும்.”

பதுங்கினேன். தோட்டத்துச் சின்னக் கேட்டைத் திறக்கத் தெரியாதது போலத் தடவினேன். இழுத்தேன், தள்ளினேன். ஜன்னல் திரை விலகியது. உள்ளேயிருந்து டீச்சர் குரல்.

“கொண்டியை லேசாத் தூக்கித் தள்ளணும் தம்பி. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தூக்கித் தள்ளினேன். அதோடு நான் நடிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் செடியைப் பார்த்ததும் கை தன் போக்கில் வேலையை ஆரம்பித்துவிட்டது. இடது முழங்கையால் மேல்கொம்பை வளைத்து அக்குளில் இடுக்கி, வலது கையின் இரண்டு விரலால் காம்பைத் திருகி, இதழ் கசங்காமல் பைக்குள். அடுத்தது. அடுத்தது. பனி சொட்டாமல் கொம்பைத் திரும்ப விட்டு, கொண்டியைப் புறங்கையால் மூடி, வெளியே. எட்டுப் பூ, அரை நிமிடம்.

எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது.

“முப்பத்திரண்டு வருசம் ஸ்டேஷன்ல இருந்தேன்” என்றார் ஆவுடையப்பன் மெதுவாக. “எத்தனையோ பேரை நடிச்சுக் காட்டச் சொல்லியிருக்கோம். ஒருத்தனும் இப்படி நடிச்சதில்ல.”

“தம்பிக்கு எல்லாம் நல்லா வருது” என்றார் டீச்சர் ஜன்னலிலிருந்து. “பறிச்சதை வடிவுகிட்டக் குடுத்துருங்க. வீணாப் போக வேண்டாம்.”

பாராட்டு என்றாலே எனக்குக் கூச்சம். சீக்கிரம் வந்துவிட்டேன்.

வடிவிடம் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். “டீச்சர் வீட்டுப் பூ. டெஸ்ட்டுக்காகப் பறிச்சது.”

ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “காலேஜ் பூ மாதிரியே இருக்கே.”

“செம்பருத்தின்னா செம்பருத்திதான்.”

“அடுக்குகூட அதே அடுக்கு.”

“ஒரே ஊர் மண்ணுல்லா.”

“அதான” என்றாள். சாமி படத்துக்கு வைக்கப் போய்விட்டாள். தோள் கொஞ்சம் குலுங்கியது. மார்கழிக் குளிர்.

டிசம்பர் 28, ஞாயிறு

நடித்த காட்சியை இரண்டு கேமராவிலிருந்தும் தாளில் அச்சடித்து மேசையில் பரப்பினேன். மாமியாரில் என் ஆதார் அட்டையைவிட நன்றாக இருக்கிறேன். மாமனாரில் அதே பழுப்புப் புகை, கூட ஒரு காது மாதிரி ஏதோ.

வடிவு காப்பி கொண்டுவந்தாள். மாமனாரின் புகைப்படத்தைத்தான் முதலில் எடுத்தாள்.

“இது நீங்க.”

“எப்படிச் சொல்லுத? மூஞ்சியே இல்லையே அதுல.”

“மூஞ்சிய யாரு பாத்தா? இடது தோளு இறங்கியிருக்கு பாருங்க. காய்கறிப் பையத் தூக்கித் தூக்கி.”

“அது புகை, வடிவு.”

“புகைக்குத் தோளு இறங்குமா?”

மனைவிமார் பார்க்கும்போது படத்தின் தரம் கணக்கிலேயே வராது என்பது இந்த ஆராய்ச்சியின் முக்கியமான முடிவு. அறிக்கையில் சேர்க்கப் போவதில்லை.

படுக்கப் போகும்போது யோசித்தேன். ஆவுடையப்பன் கண்டுபிடித்தால் செயலாளர் பதவி போகும். போகட்டும், சந்தோஷம். டீச்சர் கண்டுபிடித்தால் இனி படியிறங்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். பழகிக்கொள்ளலாம். வடிவுக்குத் தெரிந்தால்தான். ‘காலேஜ்ல அப்படி ஒரு மரியாதை’ என்று சொன்ன வாய் அது. பஜனைக் கூட்டத்தில் அவள் எந்த முகத்தோடு உட்காருவாள்? என்னை எந்த முகத்தோடு பார்ப்பாள்? பூவைப் பார்த்ததும் வருகிற முகத்தோடு நிச்சயமாக இல்லை.

டிசம்பர் 31, புதன்

அறிக்கை முடிந்தது. ஆறு பக்கம், மூன்று அட்டவணை, ஒரு வரைபடம். ‘நிறத் துல்லியம்’ என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. ‘முகம்’ என்ற சொல் வரவே இல்லை.

பச்சை ரவிக்கைத் துணியை அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டுவிட்டு, “அன்னா கெடக்கு பாரு” என்று கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

கூட்டம். அறிக்கையை வாசித்தேன். நான்காம் பக்கத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஆவுடையப்பன் விடவில்லை. இரண்டு படத்தையும் கையில் தூக்கிக் காட்டினார். “வே, என்னத்தைப் பரிந்துரை செஞ்சிருக்கீரு? இதுல மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு. அதுல ஆளா ஆவியான்னே தெரியல. அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்தா மந்திரவாதியக் கூப்புடுன்னு சொல்லுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நிறத் துல்லியம் என்று பன்னிரண்டாம் முறையாக ஆரம்பித்தேன். எனக்கே கேட்கவில்லை. கை தூக்கச் சொன்னால் மாமியார்தான் வருவாள். மார்கழி முடிய இன்னும் பத்து நாள். பூ நின்றுபோனால் வடிவு காரணம் கேட்பாள். நிற்காமல் போனால் காரணம் கேட்கவே வேண்டியிருக்காது.

டீச்சர் நாற்காலியில் இருந்தபடி கையை உயர்த்தினார், வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற மாதிரி.

“எனக்கு சிவசைலம் தம்பி சொன்ன கேமராதான் வேணும்.”

“டீச்சர், அதுல ஆளு தெரியாதே” என்றார் ஆவுடையப்பன்.

“ஆளு தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? செம்பருத்திக்குக் கேஸு போடுவீங்களா? அந்தக் கருப்பு வெள்ளையில என் பூவு பொணத்துக்குப் போட்ட மாதிரி வெளுத்துக் கெடக்கு. இதுல செவப்பு செவப்பா இருக்குல்லா. ராத்திரி கால் வலியில முழிச்சுக் கெடக்கும்போது போன்ல பாத்துக்கிடுவேன்.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “எடுக்கவங்க எடுக்கட்டும். ரெண்டு விட்டுட்டு எடுத்தா நான் எதுக்குக் கேக்கப் போறேன்?”

பாவம் டீச்சர். கேமராவைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் அவர் பேசியபின் எதிர்த்துப் பேச யாருக்கும் மனசு வரவில்லை. ஒன்பதுக்கு ஆறு. மாமனாருக்கு முதலில் கை தூக்கியது வடிவு. கணவன் சொல்லைத் தட்டாதவள். கூட்டம் முடிந்து படியேறும்போது பின்னால் வந்துகொண்டே கேட்டாள்.

“ரெண்டு பூவு விடச் சொன்னாங்களே, கேட்டீங்களா?”

“என்கிட்ட எதுக்குச் சொல்லுத?”

“செயலாளர்லா. நாலு பேருக்குச் சொல்லுவீங்கன்னுதான்.”

ஜனவரி 6, செவ்வாய்

பீர் பாய் மாமனாரை நிரந்தரமாக மாட்டிவிட்டுப் போனார். மாமியார் பெட்டியில் அடைபட்டு மேலப்பாளையம் திரும்பினாள். பதினாறு வீட்டிலும் ஏறி இறங்கி ஒவ்வொருவர் போனிலும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். வீட்டிலிருந்தே தோட்டத்தைப் பார்க்கலாமாம். என் போனில் மட்டும் ஏறவில்லை. இடமில்லை என்கிறது. காலை வணக்கம் சொல்லி வந்த ரோஜாப்பூக்கள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

“அழிச்சுட்டுக் கூப்புடுங்க அண்ணாச்சி, வாரேன்” என்றார்.

அழிக்கவில்லை. என்னை நானே புகையாகப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 7, புதன்

பத்துப் பூத்திருந்தது. எட்டுப் பறித்தேன். ஜன்னலுக்கு நேரே இரண்டை விட்டேன். அசைந்துகொண்டே பறிக்கிற கலை கைவந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் ஆடுகிற வாழை என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டை விட்டது எனக்கே பெருமையாக இருந்தது. எவ்வளவு பெருமை என்றால் திரும்பும்போது தூணுக்கு நேராகத் தலையை நிமிர்த்தி, மாமனாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

எங்கள் குடியிருப்பில் பக்தி பெருகிவிட்டது. போன மாதம் ஐந்து பத்துக்கு நான் இறங்கினால் ஒரு வீட்டிலும் வெளிச்சம் இருக்காது. இன்று எண்ணினேன், பதினொரு வீட்டில் விளக்கு. குழுவிலும் அப்படித்தான். ஐந்து பதினாலுக்கு யாரோ ‘இன்று ஏழு’ என்று போடுகிறார்கள். இன்னொருவர் ‘நேற்று எட்டு’ என்கிறார். யாரோ சிரிப்பு பொம்மை, யாரோ கைதட்டல். எத்தனை பாட்டுப் பாடினார்கள் என்று கணக்கு வைக்கிறார்கள் போலிருக்கிறது. நல்ல பழக்கம். நானும் ஒரு கும்பிடு போட்டேன். உடனே பதினான்கு பேர் கும்பிட்டார்கள்.

செடியடியில் டீச்சர் முக்காலி ஒன்றை மறந்து வைத்துவிட்டார். வயதாகிறது. மேல்கொம்புக்கு வசதியாக இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

படியில் ஆவுடையப்பன்.

“வே, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் போனா என்ன? கரையெல்லாம் சேறாகுதுல்லா.”

“எங்க போகும்போது?”

அவர் கூரையைப் பார்த்தார். “வாக்கிங்தாம்வே. வேற எங்க போறீரு?”

அக்கறையான மனுஷர். இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் வடிவு கடைக்குப் போய் எனக்குப் புது ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். நீலம், கழுத்தில் வெள்ளைக் கோடு. பொங்கலுக்கு வேட்டி எடுப்பதுதான் வழக்கம்.

“பழசுக்கு என்ன?”

“முதுகுல கிழிஞ்சிருக்கு. பாக்கதுக்கு அசிங்கமாத் தெரியுது.”

“இருட்டுல நடக்கப் போறேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்லா” என்றாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். தோளை நீவிவிட்டாள், இடது தோளை இரண்டு தடவை. பூவைப் பார்த்ததும் வருமே அந்த முகம், இப்போது கையில் பூவே இல்லாமல் வந்தது. எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஸ்வெட்டர் எனக்கு எடுப்பாக இருக்கிறது போலும்.

ஜனவரி 14, புதன்

போகி. மார்கழி கடைசி நாள். பதிமூன்று பூத்திருந்தது. கடைசி நாளாயிற்றே என்று டீச்சருக்கு மூன்று விட்டேன். புது ஸ்வெட்டரோடு முக்காலியில் ஏறி நின்றபோது மாடியில் எங்கோ குழந்தை கைதட்டுகிற சத்தம், யாரோ “ஷ்ஷ்” என்கிற சத்தம். பழைய பாய் கொளுத்துகிற ஆர்வம்.

பத்து மணிக்குப் பீர் பாய் ஏணியோடு வந்தார். போகிப் புகை லென்ஸில் படிந்திருக்கும், துடைத்துவிட்டுப் போகிறேன் என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்ல கேமரா பாய்” என்றேன். “இருட்டுல கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் நெறம் நல்லா இருக்கு.”

“மங்கலா?” அவர் மேலேயிருந்து குனிந்து பார்த்தார். “யாரு அண்ணாச்சி சொன்னா? எங்கிட்ட இருக்கதுலயே இருட்டுல நல்லா எடுக்கது இதுதான். கண்ணு இமைக்கது தெரியும்.”

“டெஸ்ட்ல புகையால்லா இருந்துச்சு.”

“ஓ, அதுவா. அப்ப லென்ஸ் மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கல. நீங்க வேண்டாம்னா திருப்பிக் கொண்டு போகணும், புதுசு மாதிரி இருக்கணும்லா. இன்னொண்ணு கடையில எல்லாருக்கும் காட்டுத பீஸு, அதுல தாளு எப்பவோ போயிட்டு.”

ஏணி ஆடியது. நான்தான் ஆட்டினேன் போல.

“இதுல எப்ப உரிச்சீங்க பாய்?”

“நெரந்தரமா மாட்டுன அன்னைக்கே அண்ணாச்சி.”

மேலே வந்து டைரியைப் புரட்டிப் பார்த்தேன். மாட்டியது ஆறாம் தேதி.